நூலகர் ரங்கநாதனும் அலுமாரித் திறப்பும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இந்த இலக்கியத் தொடரிலே கவிஞர்களைப் பற்றியும் உரையாசிரியர்களைப் பற்றியும் பதிப்பாசிரியர்களைப் பற்றியும் பேசுவதே வழக்கம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டவர் கவிதை எழுதியவரல்லர். காவியத்துக்கு உரை கண்டவருமல்லர். அவர் ஒரு நூலகர். இலக்கியத் தொடரிலே நூலகருக்கு என்ன வேலை என்று நேயர்கள் சிலர் நினைக்கக்கூடும். அதற்கு விடை கூறுவதற்கு முன்னர் எனது பிழையொன்றை ஒப்புக்கொள்ள வேண்டியவனாக இருக்கிறேன்.

நான் முதல் நியமனம் பெற்றுச் சென்றது ஒரு கிராமத்துப் பாடசாலைக்கு. தமிழாசிரியன் என்ற காரணத்தால் நூலகப் பொறுப்பையும் என்னிடமே தந்தார்கள். நூலகம் என்றால் இரண்டு அலுமாரிகள். பொறுப்பை ஏற்ற அன்றே அநுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, 'தம்பி, வருச முடிவிலை கணக்கெடுப்பு வரும். குறையிற புத்தகத்துக்கு நீர்தான் காசு கட்டவேணும்' என்று எச்சரித்தார். அவர் சொன்னது நல்லெண்ணத்துடனேயே. நானும் பயந்துபோய் இரண்டு அலுமாரிகளையும் பூட்டித் திறப்பை எனது சட்டைப் பையிலே போட்டுக்கொண்டேன். வருட முடிவிலே ஒரு புத்தகமேனும் குறையவில்லை. எனக்கோ பெருமை. அந்தப் பெருமை ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் வந்து நின்ற நாளோடு போய்விட்டது. அவன் கண்ணாடிக்குள்ளே தெரிந்த புத்தக முதுகுகளைக் காட்டி, 'சேர், உந்தப் புத்தகங்கள் ஆருக்கு?' என்று கேட்டான். குறும்பாகக் கேட்டதாகத் தெரியவில்லை. உண்மையிலேயே அறிய விரும்பியே கேட்டான். என்னிடம் விடை இருக்கவில்லை.

அந்த மாணவன் கேட்ட கேள்விக்கு 1931ஆம் ஆண்டிலேயே ஒருவர் விடை எழுதி வைத்திருந்தார் என்பதைப் பின்னர்தான் அறிந்துகொண்டேன். அவர்தான் சீர்காழி ராமாமிர்தம் ரங்கநாதன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக 20 ஆண்டுகள் இருந்தவர். இந்தியாவிலே நூலகவியல் என்ற துறைக்குத் தந்தை எனப் போற்றப்படுபவர். நமது யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கதையிலும் அவருக்கு ஒரு பங்குண்டு.

ரங்கநாதன் 1892ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துச் சீர்காழிப் பகுதியிலே பிறந்தவர். திருஞானசம்பந்தர் அவதரித்த அதே சீர்காழி. சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலே எட்வர்ட் ரோஸ் என்ற பேராசிரியரிடம் கணிதம் கற்று 1916இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியிலே பயிற்சியையும் முடித்தார். எங்கள் வழக்கிலே சொன்னால் அவர் பயிற்றப்பட்ட பட்டதாரி ஆசிரியர். மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் படிப்பித்தார். கணிதமும் வகுப்பறையுமே அவருடைய உலகமாக இருந்தன. நூலகர் ஆவது பற்றி அவர் கனவிலும் எண்ணியிருக்கவில்லை.

1924ஆம் ஆண்டு தை மாதத்திலே அவர் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். ஆசிரியச் சம்பளம் போதாத நிலையில் நண்பர்கள் தூண்டியதனாலேயே அப்பதவிக்கு விண்ணப்பித்தார் என்பர். பதவியேற்ற சில நாட்களிலேயே அவருக்குச் சலிப்புத் தட்டிவிட்டது. நாள் முழுவதும் மாணவர்களோடு பேசிப் பழகியவருக்கு அந்தத் தனிமை சிறைவாசம் போலாகிவிட்டது. பழைய கல்லூரிக்கே ஓடிச் சென்று தம்மைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி கேட்டார். கல்லூரி அதிபரோ சமயோசிதமானவர். நூலகப் பயிற்சிக்காக இங்கிலாந்து செல்லும் வாய்ப்பு உமக்கு இருக்கிறது, போய் வாரும், வந்த பிறகும் இதே மனநிலை இருந்தால் உமது இடம் உமக்கே என்ற பொருள்படச் சொல்லி அனுப்பிவைத்தார். அந்தப் பயணமே அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது எனலாம்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே நூலகப் பயிற்சி பெற்ற அவர், வகுப்பறையோடு நின்றுவிடவில்லை. அந்நாட்டின் நூலகங்கள் பலவற்றை நேரிலே சென்று பார்த்தார். அங்கே தொழிலாளியும் சிறுவரும் இல்லத்தரசியும் நூலகத்துள்ளே தாமாகவே நுழைந்து, தாமாகவே நூலை எடுத்து வாசிப்பதைக் கண்டார். நூலகம் என்பது புத்தகக் களஞ்சியமன்று, அது ஒரு கல்விச்சாலை என்பது அவருக்கு விளங்கிற்று. வகுப்பறையைத் தாம் இழந்துவிடவில்லை, முன்னையதிலும் பெரிய வகுப்பறை ஒன்று தமக்குக் கிடைத்திருக்கிறது என்று கண்டுகொண்டார். 1925இல் சென்னைக்குத் திரும்பிய பின்னர் கல்லூரிப் பக்கம் அவர் தலைவைத்தும் பார்க்கவில்லை.

இலண்டனிலே அவர் கண்ட இன்னொரு காட்சியையும் கூறவேண்டும். ஒரு பெரிய கடையிலே மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளை விற்பனையாளர் இயக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். துளையிட்ட தகடுகள், கம்பிகள், திருகாணிகள் என்று ஒரு சில துண்டுகள்தான். அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டி ஒருமுறை வண்டி செய்தார், இன்னொருமுறை பாரந்தூக்கி செய்தார். அதைப் பார்த்து நின்ற ரங்கநாதனுக்கு, நூல்களைப் பகுக்கும் முறையும் இப்படி இருக்கக்கூடாதா என்ற எண்ணம் உதித்தது. அதுவரை உலகெங்கும் பரவியிருந்த டூயி என்ற அமெரிக்கரின் தசமப் பகுப்பு முறை, பொருள்களுக்கெல்லாம் முன்கூட்டியே ஒவ்வோர் எண் குறித்துவைக்கும் முறையாகும். ரங்கநாதனோ சில அடிப்படைத் துண்டுகளை மாத்திரம் தந்துவிட்டு, வேண்டியபோது அவற்றைச் சேர்த்துக்கொள்ளும் முறையை வகுத்தார். அந்தத் துண்டுகளை இணைப்பதற்கு முக்காற்புள்ளியைப் பயன்படுத்தியதால் அதற்குக் கோலன் பகுப்பு என்று பெயராயிற்று. 1933இல் அது நூலாக வெளிவந்தது.

இது என்ன கணக்கு என்று நேயர்கள் மலைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்துப் பனைமரத்துக்கு ஒரு குறித்த காலத்திலே வந்த நோயைப் பற்றி ஒருவர் நூல் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பனை என்பது பொருள். நோய் என்பது அதற்கு நேர்ந்த நிகழ்வு. யாழ்ப்பாணம் என்பது இடம். பின்னர் காலம். இவ்வாறு ஒரு நூலின் உள்ளடக்கத்தை உடைத்து, ஒவ்வொரு கூறுக்கும் குறியீடு கொடுத்து, வரிசையாகக் கோத்துவிட்டால் அந்த நூல் அலுமாரியிலே எங்கே நிற்கவேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும். ரங்கநாதன் வகுத்த அடிப்படைக் கூறுகள் ஐந்து. அவற்றுள்ளே கடைசி இரண்டும் இடமும் காலமும் ஆகும்.

தமிழ் படித்தவர்களுக்கு இவ்விடத்திலே ஒன்று நினைவுக்கு வராமற் போகாது. முதற்பொருள் எது என்ற கேள்விக்கு நிலமும் பொழுதும் என்றல்லவா தொல்காப்பியர் விடை தருகிறார்! அதன்மேலே கருப்பொருளையும் உரிப்பொருளையும் வைத்து ஒரு பாடல் எந்தத் திணைக்குரியது என்று நாம் காண்கிறோம். ரங்கநாதன் தொல்காப்பியத்தைப் பார்த்துத்தான் இதைச் செய்தார் என்று நான் கூற வரவில்லை. அப்படிக் கூறுவது வீண்பெருமை. பகுத்துப் பார்த்தல், தொகுத்து வைத்தல் என்பன நமக்குப் புதியவையல்ல என்பதே நான் சொல்ல வந்தது. நாலு முதல் எட்டடி வரையுள்ள பாடல்களைக் குறுந்தொகையாகவும், ஒன்பது முதல் பன்னிரண்டடி வரையுள்ளவற்றை நற்றிணையாகவும், பதின்மூன்று முதல் முப்பத்தோரடி வரையுள்ளவற்றை அகநானூறாகவும் தொகுத்து வைத்தார்களே, அவர்கள் யார்? இன்றைய சொல்லிலே அவர்களும் ஆவணக் காப்பாளர்களே. அவர்கள் தொகுத்திராவிட்டால் சங்கப் புலவர்களிலே எத்தனை பேரை நாம் அறிந்திருப்போம்? இலக்கியத் தொடரில் நூலகருக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு இதுவே எனது விடை.

சென்னையிலே ரங்கநாதன் செய்த மாற்றங்கள் பல. நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். அலுமாரிகளுக்கிடையே வாசகர் தாமாகவே நடந்து சென்று நூல்களைத் தொட்டுப் பார்த்து எடுக்க வழிசெய்தார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவாக முன்னின்றார். மறு ஆண்டிலிருந்து நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்புகளும் நடந்தன. 1936இல் பல்கலைக்கழக நூலகத்துக்கு மெரினாக் கடற்கரையோரமாகத் தனிக்கட்டடம் அமைந்தது.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படையாக அமைந்தவை அவர் வகுத்த ஐந்து விதிகளாகும். நூலகத் தொழிலின் நூற்றுக்கணக்கான நடைமுறைகளை ஒருசில விதிகளுக்குள்ளே அடக்கிவிட முடியாதா என்று அவர் நெடுநாளாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார். கணித ஆசிரியரல்லவா! 1928ஆம் ஆண்டளவில் ஒருநாள் அவரைக் காணவந்த பழைய ஆசிரியர் ரோஸ், மாணவனின் முகவாட்டத்தைக் கண்டு காரணத்தைக் கேட்டறிந்து, புறப்படும் வேளையிலே மிக எளிதாக முதலாம் விதியைச் சொல்லிவிட்டுப் போனாராம். நூல் இருப்பது பயன்படுவதற்காக என்பதே அது. முதலாம் விதி கிடைத்ததும் மற்றைய நான்கும் அதன் பின்னாலே வந்து சேர்ந்தன. வாசகர் எவராயினும் அவருக்கென்று ஒரு நூல் உண்டு. நூல் எதுவாயினும் அதற்கென்று ஒரு வாசகர் உண்டு. வாசகரின் நேரத்தை வீணாக்கலாகாது. நூலகம் உயிருள்ள பொருள் போல வளர்ந்துகொண்டே இருக்கும். 1931இல் இவ்விதிகளை விளக்கி அவர் எழுதிய நூல் வெளியாயிற்று. எனது மாணவன் கேட்ட கேள்விக்கான விடை இந்த முதலாம் விதியிலேயே இருந்தது.

கேட்பதற்கு இது மிகச் சாதாரணமாகத் தோன்றும். நூல் பயன்படத்தானே இருக்கிறது, இதைச் சொல்ல ஓர் அறிஞர் வேண்டுமா என்றும் கேட்கலாம். ஆயின், நடைமுறையை நோக்குங்கள். ஐரோப்பாவிலே ஒருகாலத்தில் புத்தகங்களைச் சங்கிலியாலே பிணைத்து வைத்திருந்தார்கள். நாங்கள் சங்கிலி போடவில்லை. பூட்டுப் போட்டோம். காரணம் கேட்டால் பாதுகாப்பு என்போம். பாதுகாப்பா பயன்பாடா என்ற இந்த இழுபறி எல்லா நூலகர்களுக்கும் உரியது. ஆவணக் காப்பாளருக்கு அது இன்னும் கடினமானது. யாழ்ப்பாணத்தவர்களாகிய எங்களுக்கோ அது ஒரு புண்.

ரங்கநாதனுடைய தொண்டு பல்கலைக்கழகச் சுவர்களுக்குள்ளே அடங்கிவிடவில்லை. 1931ஆம் ஆண்டிலே மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியொன்றிலே நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுசென்றார்கள். சென்னை நூலகச் சங்கத்தின் இயக்கம் நாட்டுப்புறத்திலே ஊன்றியதன் அடையாளம் அது. அவருடைய நீண்டகால முயற்சியின் பயனாக 1948ஆம் ஆண்டிலே சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதலாவது நூலகச் சட்டம் அது. இங்கே எங்களுடைய குடாநாட்டிலே அத்தகைய சட்டத்துக்காக யாரும் காத்திருக்கவில்லை. ஊருக்கு ஊர் சந்தியிலே வாசிகசாலை எழுந்தது. ஒரு மண்டபம், இரண்டு வாங்கு, அன்றைய பத்திரிகைகள், உரத்து வாசிக்க ஒருவர், சுற்றியிருந்து கேட்கப் பலர். எழுத்தறியாதவரும் உலக நடப்பை அறிந்த இடம் அது.

அந்தப் பண்பாட்டிலிருந்துதான் யாழ்ப்பாணப் பொது நூலகமும் முளைத்தது. நீதிமன்ற உத்தியோகத்தரான கே. எம். செல்லப்பா என்பவர் 1933ஆம் ஆண்டிலே தமது வீட்டிலிருந்தே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். 1934 ஆகஸ்ட் முதலாம் திகதி ஆஸ்பத்திரி வீதியிலே ஒரு வாடகை அறையில் 844 நூல்களோடு அது பொது நூலகமாகத் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு தை முதல் நாளிலிருந்து நகரசபை அதனைப் பொறுப்பேற்றது. செல்லப்பா தமது புத்தகங்களைப் பூட்டி வைத்திருந்தால் அவை நல்ல புத்தகங்களாக அவருடைய வீட்டிலேயே இருந்திருக்கும். அவர் இரவல் கொடுத்தார். ஆகையால் ஒரு நகரத்துக்கே நூலகம் கிடைத்தது.

பின்னர் பெரிய கட்டடம் அமைக்கும் எண்ணம் வந்தது. மேயராக இருந்த சாம் சபாபதி அவர்களும் சம்பத்திரிசியார் கல்லூரியின் லோங் அடிகளாரும் அதற்காக உழைத்தவர்கள். சென்னையிலிருந்து கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரவழைக்கப்பட்டார். நூலகம் எவ்வாறு அமையவேண்டும் என்பதற்கு ரங்கநாதனுடைய ஆலோசனை பெறப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர் நமது சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை என்பதை நேயர்கள் அறிவீர்கள். ஏட்டிலே செல்லரித்துக்கொண்டிருந்த கலித்தொகையை அச்சேற்றியவர் அவர். நாங்கள் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு பதிப்பாசிரியரைக் கொடுத்தோம். பல்லாண்டு கழித்து அதன் நூலகர் எங்களுக்கு ஆலோசனை தந்தார். கொண்டும் கொடுத்தும் வந்த உறவு இது. 1959ஆம் ஆண்டு ஒக்டோபர் 11ஆம் திகதி, மேயர் அல்பிரட் துரையப்பாவின் காலத்திலே நூலகம் திறந்துவைக்கப்பட்டது.

1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு நடந்ததை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் எரிந்தன. பன்மொழிப் புலவரான தாவீது அடிகளார் அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியிலே உயிர்நீத்தார். அப்போது நான் கைக்குழந்தை. எரிந்த நூலகத்தையே பார்த்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. 1984இல் ஒரு பகுதி திருத்தித் திறக்கப்பட்டு, அதுவும் யுத்தத்திலே சிதைந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் கட்டடம் முழுமையாகத் திருத்தி எழுப்பப்பட்டது.

அந்தத் தீயைப் பற்றிப் பேசும்போது இன்றும் பலர் சொல்வதொன்றுண்டு. யாழ்ப்பாண வைபவமாலையின் ஒரேயொரு பிரதி அங்கேதான் இருந்தது, அதுவும் எரிந்துவிட்டது என்பார்கள். மேடைகளிலும் சொல்வார்கள், எழுதியும் இருக்கிறார்கள். எரிந்தது ஒரு கையெழுத்துப் பிரதியாக இருக்கலாம். அந்த இழப்பைச் சிறிதாக்க நான் விரும்பவில்லை. ஆனால் மயில்வாகனப் புலவரின் நூல் அழியவில்லை. 1879ஆம் ஆண்டிலேயே பிறிற்றோ என்பவரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்துவிட்டது. குல சபாநாதன் அதனைத் தமிழிலே பதிப்பித்திருக்கிறார். இன்றும் அதை வாசிக்கலாம். அது தப்பியதற்குக் காரணம் யாரோ அதைப் பூட்டி வைத்தமை அன்று. படியெடுத்தார்கள், மொழிபெயர்த்தார்கள், அச்சிட்டார்கள், பல வீடுகளுக்கும் பரப்பினார்கள். ஓரிடத்திலே எரிந்தாலும் இன்னோரிடத்திலே இருந்தது.

தப்பிய நூலையே தப்பவில்லை என்று நாம் நம்புகிறோமென்றால், உண்மையிலேயே போனவை எவை என்பதை எப்படி அறிவோம்? இங்கேதான் பட்டியலின் பெருமை விளங்குகிறது. முதுநாரை, முதுகுருகு, களரியாவிரை என்ற நூல்களை நம்மில் எவரும் கண்டதில்லை. இறையனார் அகப்பொருளுரை அவற்றின் பெயர்களைச் சொல்லி வைத்ததனாலேயே அப்பெயர்களாவது எஞ்சின. முத்தொள்ளாயிரம் முழுமையாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டைத் தொகுத்தவர் எடுத்து வைத்த பாடல்களே அதை நமக்குக் காட்டுகின்றன. மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் இவ்வாறு இழந்த நூல்களைத் தேடித் தேடிக் குறித்து, மறைந்துபோன தமிழ் நூல்கள் என்ற புத்தகத்தையே எழுதினார். அது வெளிவந்தது 1959இல். நமது நூலகம் திறக்கப்பட்ட அதே ஆண்டு! புத்தகம் அழிந்தால் இன்னொரு பிரதியைத் தேடலாம். பட்டியலும் கூடவே அழிந்தால் எதைத் தேடுவதென்பதே தெரியாமற் போய்விடும்.

நமது நாட்டிலே இதை நன்கு உணர்ந்த பல்கலைக்கழக நூலகர் ஒருவர் இருந்தார். பேராதனையிலே பணியாற்றிய இயன் குணத்திலக்க என்பவர் இலங்கையைப் பற்றி மேலைத்தேய மொழிகளிலே வெளிவந்தவற்றையெல்லாம் தேடி, 1970 முதல் 1983 வரை ஐந்து தொகுதிகளாகப் பட்டியலிட்டு வெளியிட்டார். மேலைத்தேய மொழிகள் என்பதைக் கவனியுங்கள். தமிழ் நூல்களுக்கான வேலையைத் தமிழர்களே செய்யவேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்திலே நூலகராக இருந்து இலண்டனுக்குப் புலம்பெயர்ந்த என். செல்வராஜா அவர்கள் 2002ஆம் ஆண்டு முதல் நூல்தேட்டம் என்ற பெயரிலே, தொகுதிக்கு 1000 நூல்களாக அப்பணியைச் செய்து வந்திருக்கிறார். 2005ஆம் ஆண்டிலே தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம், நூல்களையே படம் பிடித்து எவரும் எங்கிருந்தும் வாசிக்க வைத்திருக்கிறது. இவர்கள் யாரும் பூட்டைப் பலமாக்கியவர்களல்லர்.

நேயர்களே, இவ்விடத்திலே நான் எனது பள்ளிப் பருவத்து நிகழ்ச்சியொன்றைச் சொல்ல வேண்டும். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவிலே இடம்பெயர்ந்தது. சாதாரண தர மாணவனாகிய நானும் மழையிலே தென்மராட்சிக்கு நடந்தேன். எங்கள் பாடசாலையின் நூலகப் பொறுப்பாசிரியரும் அங்கே ஒரு வீட்டுத் திண்ணையிலே குடும்பத்தோடு இருந்தார். அவர் கொண்டுவந்த பொருட்களுக்குள்ளே பொலித்தீனிலே சுற்றிய ஒரு கொப்பியும் இருந்தது. நூல் இரவல் கொடுத்த இடாப்பு அது. 'உடுக்கத் துணி இல்லை, சேர் இடாப்பைக் கொண்டந்திருக்கிறார்' என்று நாங்கள் எங்களுக்குள்ளே சிரித்துக்கொண்டோம்.

அடுத்த ஆண்டு ஊர் திரும்பியபோது பாடசாலை அலுமாரிகள் வெறுமையாகக் கிடந்தன. அந்த ஆசிரியர் பேசாமல் இடாப்பை விரித்து, சைக்கிளிலே வீடு வீடாகப் போனார். இடப்பெயர்வுக்கு முன்னர் யார் யார் என்னென்ன எடுத்தார்கள் என்பது அதிலே இருந்தது. பிள்ளைகள் பலர் தங்கள் புத்தகப் பையோடு இரவல் புத்தகத்தையும் கொண்டோடியிருந்தார்கள். ஒருவர் வன்னியிலிருந்து தபாலிலே அனுப்பினார். நானும் ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அதன் மட்டை சேறு பட்டுக் கழன்றிருந்தது. அவர் ஒரு வார்த்தை ஏசவில்லை. மாவைக் காய்ச்சி ஒட்டினார். இப்படித் திரும்பி வந்தவை பத்தொன்பது புத்தகங்கள். பாடசாலை நூலகம் அந்தப் பத்தொன்பதோடுதான் மீண்டும் தொடங்கியது. பூட்டிய அலுமாரிக்குள்ளே பத்திரமாக இருந்தவை எல்லாம் போய்விட்டன. வெளியே திரிந்தவை மாத்திரமே வீடு வந்தன.

இதைக் கண்ணாலே கண்ட நான்தான், ஆசிரியனாகி, அலுமாரித் திறப்பைச் சட்டைப் பைக்குள்ளே போட்டுக்கொண்டு திரிந்தேன். பயம் மனிதனைக் கண்டதையும் மறக்கச் செய்துவிடுகிறது. பெரிய இழப்பைக் கண்ட சமூகத்துக்கு இந்தப் பயம் இயல்பானதே. எங்கள் வீடுகளிலே இன்றும் எத்தனை ஏடுகள், எத்தனை பழைய சஞ்சிகைகள், எத்தனை கையெழுத்துப் பிரதிகள் பெட்டிகளுக்குள்ளே கிடக்கின்றன! கேட்டால் 'ஐயாவின்ரை ஞாபகமாக வைச்சிருக்கிறம்' என்பார்கள். கறையான் ஞாபகத்தைப் பார்த்து விலகிப் போவதில்லை.

எல்லாவற்றையும் எல்லார் கையிலும் கொடுத்துவிட வேண்டுமா என்று ஒருவர் கேட்டால், இல்லை என்பதே விடை. பொடிந்துபோகும் ஓர் ஏட்டை ஒன்பதாம் வகுப்பு மாணவனிடம் கொடுக்க முடியாது. மூலத்தைக் காப்பாளர் பேணட்டும். படியைப் பரப்பட்டும். அது இருக்கிறது என்ற செய்தியைப் பட்டியலிலே பகிரங்கமாக எழுதட்டும். நமது முன்னோரும் ஏடு பழுதடையுமுன்னர் புதிய ஏட்டிலே எழுதித்தானே காத்தார்கள்? ஏட்டை வெறுமனே வைத்திருந்ததனால் அன்று, எழுதி எழுதி வாசித்ததனாலேயே திருக்குறள் நம் கைக்கு வந்தது.

ரங்கநாதனின் எஞ்சிய வாழ்வைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சென்னைப் பணியை விட்ட பின்னர் 1945 முதல் காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் 1947 முதல் டில்லிப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். 1957இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1962இல் பெங்களூரிலே ஆவணவியல் ஆய்வுக்கும் பயிற்சிக்குமான நிலையத்தை உருவாக்கினார். 1965இல் இந்திய அரசு அவரைத் தேசிய ஆய்வுப் பேராசிரியராக்கியது. தமது வாழ்நாள் சேமிப்பான ஓர் இலட்சம் ரூபாவைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, மனைவி சாரதாவின் பெயரும் சேர்ந்து விளங்க நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி அமைய உதவினார். தாம் சேர்த்த பணத்தையும் அவர் பூட்டி வைக்கவில்லை. 1972ஆம் ஆண்டு செப்டெம்பர் 27ஆம் திகதி காலமானார். யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அவர் காணவில்லை.

இப்போது நான் கற்பிக்கும் இந்துக் கல்லூரியிலே எனது வகுப்பறையின் மூலையில் ஒரு சிறிய அலுமாரி உண்டு. அதற்குப் பூட்டு இல்லை. பக்கத்திலே ஒரு கொப்பி நூலிலே கட்டித் தொங்குகிறது. எடுப்பவர் தாமே பெயரையும் திகதியையும் எழுதவேண்டும். ஆண்டுக்கு மூன்று நான்கு புத்தகங்கள் குறைகின்றன. அதற்குரிய பணத்தை நானே கட்டிவிடுகிறேன். சென்ற ஆண்டு குறைந்தவற்றுள் ஒன்று குறுந்தொகை. அது யாரோ ஒரு மாணவனின் வீட்டிலே இருக்கிறது. யார் என்று கொப்பியிலே இருக்கிறது. நான் இன்னும் போய்க் கேட்கவில்லை. அவன் படித்து முடிக்கட்டும்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பழைய நூலோ ஏடோ சஞ்சிகையோ இருக்குமானால், இந்த வார இறுதியிலே அதை வெளியே எடுத்து, ஒரு கொப்பியிலே அதன் பெயரையும் ஆசிரியரையும் ஆண்டையும் எழுதுங்கள். அதையறிந்த நூலகர் ஒருவருக்கு அச்செய்தியைச் சொல்லுங்கள். ரங்கநாதனுக்கு நாம் செலுத்தக்கூடிய அஞ்சலி அதுவாகவே இருக்கும்.